எல்லா டொக்டரும் வருவார்களா? ஆண்டுவிழா ஸ்பெஷல் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான டொக்டர் ஹூவின் பிறந்தநாள் நவம்பர் 23. அது நெருங்க நெருங்க, தொடரைப் பார்க்கும் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் சுற்றத் தொடங்கிவிடும். இதுவரை டொக்டராக நடித்த எல்லோரும் தோளோடு தோள் நிற்கும் ஒரு போஸ்டர், கீழே ஒரு திகதி, மூலையில் பிபிசியின் சின்னம். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஹட்டனில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உயர்தர வகுப்புக்கும் அந்தப் படம் வந்து சேர்ந்துவிட்டது. "சேர், அறுபத்தஞ்சாவது வருஷத்துக்கு எல்லா டொக்டரும் வருவாங்கதானே?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. கதைக்குள் அது முடியுமா? படப்பிடிப்பில் முடியுமா? அப்படி வந்தால் அது நல்ல கதையாக இருக்குமா? இந்த மூன்றையும் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒவ்வொரு ஆண்டுவிழா முடிந்ததும் "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு கிளம்புகிறது. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்காக இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டப் பார்க்கிறேன்.

முதலில், தொடரைப் பற்றிக் கொஞ்சம்

டொக்டர் ஹூவின் முதல் எபிசோட் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பிபிசியில் ஒளிபரப்பானது. முந்திய நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அந்தச் செய்தியில் உறைந்திருந்தது. அதனால் அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதலாவதை மறுபடியும் போட்டார்கள். அந்த முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லம்பேர்ட்டுக்கு அப்போது 28 வயதுகூட நிரம்பவில்லை.

கதை எளிமையானது. டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகிறார். அவருடைய வாகனத்தின் பெயர் டார்டிஸ். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கால லண்டன் தெருவோரத்து நீலநிறப் பொலிஸ் பெட்டி. கதவைத் திறந்து உள்ளே போனால் மாளிகையளவு இடம். டொக்டர் மனிதர் அல்ல. கேலிஃப்ரே என்ற கிரகத்தின் டைம் லோர்ட் இனத்தைச் சேர்ந்தவர். டேலெக்குகள் என்ற இயந்திரக் கவசம் பூண்ட உயிர்கள் அவருடைய தீராத எதிரிகள்.

தொடர் 1989 வரை ஓடி நின்றது. 1996இல் ஒரேயொரு தொலைக்காட்சிப் படம் வந்தது. 2005இல் மறுபடியும் உயிர் பெற்றது. இங்கே நம் பிள்ளைகள் பெரும்பாலும் பார்ப்பது இந்த 2005க்குப் பிந்திய தொடரைத்தான்.

ஸ்பெஷல் என்பது வழக்கமான பருவத்துக்கு வெளியே தனியாக வரும் எபிசோட். ஆண்டுவிழா ஸ்பெஷல் என்றால் தொடரின் பிறந்தநாளை ஒட்டி வருவது.

ஒரு வேடம், பல ஆட்கள்

மாசி மாதம் காமன் கூத்து ஆடும் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தொடரின் அடிப்படையை விளங்கப்படுத்துவது சுலபம். கம்பம் நட்ட பிறகு ரதியும் மன்மதனும் தப்புச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு லயத்துக்கு லயம் வருவார்கள். ரதி வேடம் கட்டியிருப்பதும் ஆண்தான். போன வருஷம் மன்மதனாக ஆடியவர் இந்த வருஷம் கொழும்பில் கடை வேலையில் இருப்பார். வேறொருவர் கிரீடம் வைத்துக்கொண்டு நிற்பார். ஆட்டம் வேறு, குரல் வேறு, உயரமும் வேறு. தொடக்கத்தில் கிழவிகள் "பழைய ஆள் மாதிரி வராது" என்று முணுமுணுக்கத்தான் செய்வார்கள். ஆனால் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கும் இரவில், ரதி தலைவிரித்து அழும்போது, அதே கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். எரிந்தது மன்மதன். மூன்றாம் நாள் எழும்புவதும் மன்மதன்.

டொக்டர் ஹூ இதே காரியத்தை 1966இல் செய்தது. முதல் டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லின் உடல்நலம் குன்றிவந்தது. தொடரை நிறுத்துவதற்குப் பதிலாக, டொக்டரின் இனத்துக்கே உரிய இயல்பு ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். உடல் தேய்ந்து சாகும் தறுவாயில் அது தன்னைத்தானே முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ளும். முகமும் குரலும் சுபாவமும் மாறும், நினைவுகள் தொடரும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். ஹார்ட்னெல் கீழே விழுந்தார், பெட்ரிக் ட்ரவுட்டன் எழுந்தார். அன்றிலிருந்து டொக்டர் வேடம் கைமாறிக்கொண்டே வருகிறது. ஷூட்டி கட்வா நடித்தது 15ஆவது டொக்டர்.

இந்த இடத்தில் கூத்தும் தொடரும் பிரிகின்றன. போன வருஷத்து மன்மதனும் இந்த வருஷத்து மன்மதனும் ஒரே பொட்டலில் வேடம் கட்டி நிற்க முடியாது. டொக்டர் ஹூவில் முடியும். ஆண்டுவிழா எதிர்பார்ப்புகள் எல்லாம் முளைப்பது இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான்.

கதைக்குள் முடியுமா?

முடியும். டொக்டர் காலத்தில் பயணம் செய்கிறவர். ஆகவே தன்னுடைய பழைய உருவத்தை வழியில் சந்திக்கலாம். இப்படிப்பட்ட கதையைப் பல டொக்டர் கதை என்பார்கள்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. இளைய டொக்டர் ஒருநாள் மூத்த டொக்டரைச் சந்தித்தார் என்றால், மூத்தவருக்கு அது ஏற்கெனவே நினைவிருக்க வேண்டுமே? தொடர் இதற்கு வைத்திருக்கும் பதில்: இருவர் காலங்களும் முட்டிக்கொள்ளும்போது, முந்திய உருவத்துக்கு அந்தச் சந்திப்பு மறந்துபோகும். அடுத்தது, நடிகருக்கு வயதாகிவிடுகிறது. 1980களில் இளைஞராக ஐந்தாவது டொக்டரை நடித்த பீட்டர் டேவிசன் 2007இல் ஒரு சிறு தொண்டு நிகழ்ச்சிக் காட்சியில் மறுபடியும் வந்தார், முகம் மாறிய நடுத்தர வயதில். இரண்டு காலங்கள் மோதியதில் வந்த மாற்றம் என்று கதைக்குள்ளேயே ஒரு வரியில் சமாளித்துவிட்டார்கள்.

முதல் கேள்விக்கு இவ்வளவு போதும். ஒரு நல்ல வரி எழுதத் தெரிந்தால் கதை எதற்கும் இடம் கொடுக்கும். தடை இருப்பது வெளியே.

படப்பிடிப்பில் முடியுமா?

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஏனென்றால் ரசிகர்கள் கதையைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஆட்களைப் பற்றி யோசிப்பதில்லை.

பத்தாவது ஆண்டை ஒட்டி 1972 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1973 ஜனவரியில் முடிந்த கதைதான் முதலாவது பல டொக்டர் கதை. அப்போதைய டொக்டர் ஜோன் பேர்ட்வீ. ட்ரவுட்டன் திரும்பி வந்தார், ஹார்ட்னெல்லும் சம்மதித்தார். ஆனால் ஹார்ட்னெல் கடுமையாக நோயுற்றிருந்தார். நின்று நடித்து வசனம் பேசும் நிலையில் இல்லை. அந்தக் கதையைக் கூர்ந்து பாருங்கள். மற்ற இருவரும் டார்டிஸுக்குள் நின்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருப்பார்கள். முதல் டொக்டர் மட்டும் சுவரிலுள்ள திரையில் தெரிவார், உட்கார்ந்தபடி. காலச் சுழலில் சிக்கிக்கொண்டார், நேரில் வர முடியாது என்று கதை காரணம் சொல்லும். அவருடைய காட்சிகளைத் தனியாக எடுத்தார்கள். வசனத்தை அட்டையில் எழுதி எதிரே பிடித்தார்கள், அவர் பார்த்து வாசித்தார். அதுதான் அவருடைய கடைசி நடிப்பு. 1975இல் காலமானார். அந்தத் திரையில் அவர் பேசும் சில வரிகளை இன்று பார்க்கும்போது, ஒரு நோயாளி மனிதரைச் சிரமப்படுத்தாமலேயே கதையின் மூத்தவர் என்ற மரியாதையைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. எழுத்துக்காரர்களின் அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இருபதாவது ஆண்டில், 1983இல், ஐந்து டொக்டர்களின் கதை. ஹார்ட்னெல் இல்லை. அவர் வேடத்தில் ரிச்சர்ட் ஹேர்ண்டல் என்ற வேறு நடிகர். நான்காவது டொக்டரான டொம் பேக்கர் ஏழு ஆண்டுகள் நடித்துவிட்டு 1981இல்தான் விலகியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் திரும்பி வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். என்ன செய்தார்கள்? 1979இல் வேலைநிறுத்தத்தால் பாதியில் கைவிடப்பட்ட ஒரு கதையிலிருந்து அவர் கேம்பிரிட்ஜ் ஆற்றில் படகு தள்ளும் துண்டை எடுத்து ஒட்டினார்கள். கடத்தப்படும் வழியில் காலச் சுழலில் மாட்டிக்கொண்டார் என்று கதை சொன்னது. பத்திரிகைகளுக்கு ஐந்து டொக்டர்களும் நிற்கும் படம் வேண்டுமே, அதற்கு டொம் பேக்கரின் மெழுகுச் சிலையைக் கொண்டுவந்து மற்றவர்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள்.

ஐம்பதாவது ஆண்டில், 2013இல், கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வர மறுத்தார். 2005இல் தொடரை மீட்டெடுத்த ஒன்பதாவது டொக்டர் அவர். கதையின் மையமோ அவருக்குச் சற்று முந்திய காலத்து யுத்தம். அப்போது ஷோரன்னராக, அதாவது தொடரின் தலைமை எழுத்தாளராகவும் பொறுப்பாளராகவும், இருந்தவர் ஸ்டீவன் மொஃபட். அவர் அந்த இடத்துக்கு யாருமே கேள்விப்படாத ஒரு டொக்டரைப் படைத்தார். யுத்தம் செய்ததால் டொக்டர் என்ற பெயரையே துறந்த ஓர் உருவம். அதில் ஜோன் ஹேர்ட் நடித்தார். ஒருவர் மறுத்ததால் திறந்த கதவு வழியாக அந்த ஸ்பெஷலின் உயிர்நாடியே உள்ளே வந்தது.

ஆக ஒருவர் இல்லாதபோது தயாரிப்பாளர்களுக்கு நான்கு வழிகள் இருந்திருக்கின்றன: திரையில் மட்டும் காட்டுவது, பழைய படத்துண்டை ஒட்டுவது, வேறு நடிகரைப் போடுவது, அந்த வெற்றிடத்தையே புதுக் கதையாக்குவது. ஹார்ட்னெல், ட்ரவுட்டன், பேர்ட்வீ, ஹேர்ட் நால்வரும் இன்று உயிருடன் இல்லை. எல்லா டொக்டரும் நேரில் வரும் ஸ்பெஷல் இனி எந்தக் காலத்திலும் கிடையாது. அந்தப் போஸ்டரை நம்புவதற்கு முன் இந்த ஒன்றை நினைத்துப் பார்த்தால் போதும்.

வதந்தி ஏன் நவம்பரில் பழுதாகிவிடுகிறது

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. ஸ்பெஷல்கள் மாதக்கணக்கில் முன்பே எடுத்து முடிக்கப்படுகின்றன. அறுபதாவது ஆண்டுக்காக, பத்தாவது டொக்டராக நடித்த டேவிட் டெனன்டும் அவருடைய தோழி டோனாவாக நடித்த கெத்தரின் டேட்டும் திரும்பி வருகிறார்கள் என்று பிபிசி அறிவித்தது 2022 மேயில். படப்பிடிப்பும் அந்த ஆண்டே நடந்தது. ஒளிபரப்பானதோ 2023 நவம்பர் 25, டிசம்பர் 2, டிசம்பர் 9 ஆகிய மூன்று சனிக்கிழமைகளில். படம் எடுத்து முடித்த பிறகு கிராபிக்ஸ், ஒலி, இசை என்று நீண்ட வேலை கிடக்கிறது. ஆகவே அக்டோபரில் "இன்னாரைக் கூப்பிட்டிருக்கிறார்களாம்" என்று யாராவது சொன்னால் அது காலம் கடந்த பேச்சு. வர வேண்டியவர் எப்போதோ வந்து, நடித்து, வாய் திறப்பதில்லை என்று உறுதி கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

2013இல் அப்படித்தான் நடந்தது. கதை முடிகிற நேரத்தில், ஓர் ஓவியக் கூடத்தில் அப்போதைய டொக்டர் மெட் ஸ்மித் தனியாக உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு குரல். 1983இல் வர மறுத்த டொம் பேக்கர், 79 வயதில், கூடத்தின் பொறுப்பாளராகக் கைத்தடியுடன் நடந்து வருவார். முப்பது ஆண்டுகள் கழித்து. அவர் பழைய டொக்டரா, இனி வரப்போகும் டொக்டரா என்பதைக் கதை வெளிப்படையாகச் சொல்லாது.

நல்ல கதையாக இருக்குமா?

மூன்றாவது கேள்விக்கு வரலாறே பதில் வைத்திருக்கிறது. முப்பதாவது ஆண்டில், 1993இல், பிபிசியின் ஒரு தொண்டு நிகழ்ச்சிக்காக இரண்டு சிறு துண்டுகள் எடுத்தார்கள். அப்போது உயிரோடிருந்த டொக்டர்கள் ஐந்து பேரும் வந்தார்கள்: பேர்ட்வீ, டொம் பேக்கர், டேவிசன், கொலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்கோய். பழைய துணைப் பாத்திரங்கள் வரிசையாக வந்தன. பிபிசியின் இன்னொரு குடும்பத் தொடரின் பாத்திரங்களும் சேர்ந்துகொண்டன. ஒருவர் முகத்தைக் காட்டுவார், உடனே மறைவார், அடுத்தவர் வருவார். எல்லா ரசிகர்களும் கேட்டது கிடைத்தது. ஆனால் இன்றுவரை அதைச் சிறந்த ஆண்டுவிழாக் கதையென்று சொல்லும் ரசிகரை நான் கண்டதில்லை. கூட்டம் இருந்தது, கதை நகரவில்லை.

இப்போது 1973க்குப் போவோம். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளாக டொக்டரைச் சொந்த இனமே பூமிக்கு நாடுகடத்தி, டார்டிஸை ஓட்ட முடியாமல் முடக்கி வைத்திருந்தது. மூன்று டொக்டர்களும் சேர்ந்து டைம் லோர்டுகளைக் காப்பாற்றியதற்குப் பரிசாக அந்தத் தண்டனை நீங்கியது. அந்தக் கதைக்குப் பிறகு தொடர் மறுபடியும் விண்வெளிக்குப் போனது.

2013இல் நடந்தது இன்னும் ஆழமானது. அதை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்கள் வேண்டும். கேனன் என்றால், இந்தத் தொடருக்குள் உண்மையில் நடந்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்ட நிகழ்ச்சிகளின் தொகுதி. ரெட்கொன் என்றால், ஏற்கெனவே சொன்ன ஒன்றுக்குப் பின்னால் புதிதாக ஒரு விளக்கத்தைச் சேர்த்து அதன் பொருளை மாற்றுவது.

2005 முதல் கேனன் இதுதான்: டேலெக்குகளுடனான கால யுத்தத்தை முடிக்க, டொக்டர் தன் கையாலேயே சொந்தக் கிரகத்தை அழித்துவிட்டார். அந்தக் குற்ற உணர்வோடுதான் மூன்று டொக்டர்கள் எட்டு ஆண்டுகள் அலைந்தார்கள். ஐம்பதாவது ஸ்பெஷலில் நாம் அந்த நாளுக்கே போகிறோம். ஒரு பழைய மரக் களஞ்சியம். நடுவில் ஓர் ஆயுதம், அதன் மேல் சிவப்புப் பொத்தான். ஜோன் ஹேர்ட்டின் சோர்ந்த கை அதற்கு மேலே. அவருடைய எதிர்கால உருவங்களான டெனன்டும் ஸ்மித்தும் வந்து, "இந்தப் பாவத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்" என்ற பாவனையில் தங்கள் கைகளையும் அவர் கைமேல் வைக்கிறார்கள். பிறகு பயணத் தோழி கிளாராவின் கண்ணீரைப் பார்த்து, கையை எடுத்து, வேறு வழி தேடுகிறார்கள். கேலிஃப்ரே அழியவில்லை, மறைத்து வைக்கப்படுகிறது. ஆனால் முந்திய இரண்டு டொக்டர்களுக்கும் இது நினைவில் நிற்காது. அழித்துவிட்டோம் என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். 2005 முதல் நாம் பார்த்த ஒரு காட்சியும் பொய்யாகவில்லை, எல்லாவற்றின் பொருளும் மாறிவிட்டது. நல்ல ரெட்கொனுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

அந்த எபிசோடை 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பி கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிரித்தானியாவில் இரவு 7.50, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 1.20.

1983இன் ஐந்து டொக்டர் கதை, டொக்டரின் வாழ்க்கையில் ஏதாவது மாற வேண்டும் என்ற இந்த விதிக்குள் முழுமையாக அடங்காது என்பதையும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் ஒன்றுகூடல்தான். கதையை அவ்வளவாக முன்னே தள்ளவில்லை. ஆனாலும் பலர் அதை நேசிக்கிறார்கள், நானும்தான். நடிகர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அழகுக்காக. இருந்தாலும் முதல்முறை பார்க்கிறவருக்கு அதை நான் கொடுக்க மாட்டேன். யார் யார் என்று தெரியாமல் பாதியில் எழுந்து போய்விடுவார்.

இதுவரை பார்த்தது: பழைய முகங்கள் வந்ததால் மட்டும் ஒரு ஸ்பெஷல் நிற்கவில்லை. டொக்டரின் வாழ்க்கையில் முடிந்துபோனதாக நினைத்த ஒன்றை அது திறந்துவிட்டதா என்று பாருங்கள்.

அறுபதாவது ஆண்டில் உண்மையில் நடந்தது

2023 பற்றி இங்கே அதிகம் கேட்கும் குறை, "யாரையும் கூப்பிடவில்லை" என்பது. இதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. பழையவர்களின் ஒன்றுகூடலை ஷோரன்னர் ரசல் டி. டேவிஸ் தனியாகப் பிரித்து வைத்துவிட்டார். அந்த நவம்பர் தொடக்கத்தில் ஆறு சிறு நிகழ்ச்சிகள் வந்தன. டேவிசன், கொலின் பேக்கர், மெக்கோய் போன்றவர்கள் தங்கள் பழைய பயணத் தோழர்களோடு டார்டிஸுக்குள் அமர்ந்து நினைவுகளைப் பேசினார்கள், கூடவே அவர்களுடைய பழைய கதை ஒன்றும் காட்டப்பட்டது. ஆனால் அது பிபிசியின் ஐபிளேயரில் வந்தது. ஐபிளேயர் பிரித்தானியாவுக்குள் மட்டும் வேலை செய்யும். மலையகத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2022 அக்டோபரில், பிபிசியின் நூற்றாண்டுக்கான எபிசோடிலும் இந்த மூவரும், 1996 படத்தில் டொக்டராக நடித்த போல் மெக்கேனும் ஏற்கெனவே வந்துபோயிருந்தார்கள்.

மூன்று ஸ்பெஷல்களின் கதை வேறு திசையில் போனது. களைத்துப்போன டொக்டர் டெனன்டின் பழைய முகத்தோடு பழைய தோழி டோனாவிடம் திரும்பி வருகிறார். மூன்றாவது கதையில் சாகும் நேரத்தில் வழக்கமான ரீஜெனரேஷன் நடக்கவில்லை. அவர் இரண்டாகப் பிரிகிறார். ஒருவர் ஷூட்டி கட்வா, டார்டிஸில் ஏறிப் புதுப் பயணம் போகிறார். மற்றவர் டெனன்ட், டோனாவின் குடும்பத்தோடு பூமியிலேயே இருந்து ஓய்வெடுக்கிறார். ஓடிக்கொண்டே இருந்த ஒருவர் வீட்டு முற்றத்தில் சாப்பாட்டு மேசைக்கு உட்கார்வது அறுபது ஆண்டுகளில் பெரிய மாற்றம். இதில் கேனன் குழம்புகிறது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. குழம்பட்டும். அந்த மேசை எனக்குப் பிடித்திருந்தது.

தொலைந்த எபிசோட்கள்

ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் தலைகாட்டும் இன்னொரு எதிர்பார்ப்பு இது. 1960களிலும் 70களிலும் பிபிசி ஒளிநாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்தியது. அதில் இந்தத் தொடரின் 90க்கும் மேற்பட்ட எபிசோட்களின் படம் காணாமற்போனது. ஒலி மட்டும் தப்பியது, வீடுகளில் ரசிகர்கள் பதிவு செய்து வைத்திருந்ததால். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிரதிகள் எங்காவது கிடைக்கலாம் என்ற நம்பிக்கை வீண்போகவில்லை: காணாமற்போயிருந்த 9 எபிசோட்கள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013 அக்டோபரில், ஐம்பதாவது ஆண்டுக்குச் சற்று முன், அறிவித்தார்கள். அதிலிருந்துதான் "ஆண்டுவிழாவுக்கு இன்னொரு புதையல் வரும்" என்ற பேச்சு. இலங்கையில் தொலைக்காட்சியே 1979இல்தான் வந்தது. 60களின் அந்தப் பிரதிகள் சுற்றிய நாடுகளின் வரிசையில் நாம் இல்லை.

அறுபத்தைந்துக்கு ஸ்பெஷல் வருமா?

2028 நவம்பரில் 65 ஆண்டுகள் நிறைகின்றன. வந்தே தீரும் என்று எண்ண வேண்டாம். 55ஆவது ஆண்டான 2018இல் ஆண்டுவிழா ஸ்பெஷல் இல்லை. அப்போதைய டொக்டர் ஜோடி விட்டேகரின் முதல் பருவம் வழக்கம்போல் ஓடியது. 40ஆவது ஆண்டான 2003இல் தொடரே தொலைக்காட்சியில் இல்லை, ஆனால் அந்தச் செப்டம்பரில்தான் தொடர் திரும்ப வரும் என்ற அறிவிப்பு வந்தது. பணமும் ஒரு கணக்கு. 2023 முதல் செலவில் பங்கெடுத்த டிஸ்னி 2025இல் விலகிக்கொண்டது. 70ஆவது ஆண்டு 2033இல். பெரிய அளவில் எதிர்பார்க்க விரும்புகிறவர்கள் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு என்ன வேண்டும்

என்னுடைய எதிர்பார்ப்பு ஒரு முகத்தைப் பற்றியதல்ல. தொடங்கியபோது டொக்டரோடு பயணம் போன இருவர் பாடசாலை ஆசிரியர்கள், ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் வரலாறு. பிள்ளைகளுக்கு வரலாற்றைக் காட்டுவது தொடரின் முதல் நோக்கங்களில் ஒன்று. 2018இல் அது 1947 பஞ்சாப்புக்குப் போனது, இந்தியப் பிரிவினை நாட்களுக்கு. அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகளைக் கொலைகாரர்கள் என்றுதான் முதலில் சந்தேகிப்போம். பிறகு தெரியும், யாரும் இல்லாமல் தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்பதற்காக அவர்கள் வருகிறார்கள். டொக்டரால் அந்தச் சாவைத் தடுக்க முடியாது; நடந்த வரலாறு நடந்ததுதான்.

2023இல் டொக்டர் ஹூவுக்கு 60, மலையகத் தமிழரின் வருகைக்கு 200. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் தொடங்கி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் காட்டு வழியே வந்த பாதையைத் திரும்ப நடந்தார்கள். நினைவுகூர்ந்ததோடு நிற்காமல் காணியும் வீட்டுரிமையும் கேட்டார்கள். அந்தப் பாதையில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. ஒரு நீலப் பெட்டி அந்தக் காட்டில் வந்து இறங்கி, அங்கே விழுந்த ஒருவரின் பெயரைக் கேட்கும் கதை எனக்கு வேண்டும். நான்கு பழைய டொக்டர்களைக் கொடுத்துவிட்டு இந்த ஒன்றை வாங்கிக்கொள்வேன். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்ப நாங்களே எழுதலாமே சேர்" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எங்கே தொடங்குவது

புதியவர்கள் 2005இன் முதல் எபிசோடில் தொடங்குங்கள். எக்கிள்ஸ்டன், டெனன்ட், ஸ்மித் மூவரையும் ஓரளவு அறிந்த பிறகு 2013 ஸ்பெஷலைப் பாருங்கள். அதற்கு முன்னால் இணையத்தில் வந்த சில நிமிடத் துணைக்காட்சி ஒன்று இருக்கிறது, போல் மெக்கேன் நடித்தது, அதைத் தவறவிட வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளைக் காலம் பழகியபின் 1973, அதற்குப் பிறகு 1983. பஞ்சாப் கதையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.